நாற்பத்தோராம் கல்லின் மூக்கு

குறையாகக் கிடக்கும் எதையும் சிவனேஸ்வரியால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பத்திரிகையில் யாரோ ஒரு மந்திரியின் படம் நெற்றியோடு வெட்டுப்பட்டிருந்தால், பேனையை எடுத்து மேலே தலைமயிரைக் கீறி முடித்துவிடுவார். மந்திரி வழுக்கையா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. இலண்டனின் நொதேர்ன் லைன் ரயிலில் யாரோ பாதியில் விட்டுப்போன குறுக்கெழுத்துப் போட்டி கையில் கிடைத்தால், ஆங்கிலம் சரிவராத இடங்களில் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டாவது நிரப்பிவிட்டுத்தான் இறங்குவார். கவுன்சிலுக்கு அனுப்பிய படிவம் ஒன்று இரண்டு தரம் திரும்பி வந்தது. ‘அலுவலகப் பாவனைக்கு மட்டும்’ என்றிருந்த பெட்டியையும் அவர் நிரப்பி அனுப்பியதுதான் காரணம்.

“பெட்டி வெறுமையாக் கிடந்தா பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?” என்று கேட்டார்.

“அது அவங்கடை பெட்டியப்பா,” என்றார் கணவர் குகதாசன். “உம்மை விட்டா வானத்திலை கிடக்கிற பிறையையும் வட்டமாக்கிப் போடுவீர்.”

மகள் வத்சலா இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே கண்டு வளர்ந்தவள். பஸ்ஸில் அம்மா பேனையைத் திறக்கும் சத்தம் கேட்டாலே யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். போன முதல் வருடமே, வீட்டில் நடப்பவற்றைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துச் சிரிக்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அந்த உரிமையை யார் தந்தது என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

ஊரில் சிவனேஸ்வரி நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். பதினொரு வருடம் குளக்கட்டும் வாய்க்காலும் கீறினார். கீறிய படங்களின் மூலையில் எஞ்சினியரின் கையெழுத்து மட்டும் இருக்கும். மூத்த மகனை ரொறன்ரோவிலிருந்த உறவினரிடம் அனுப்பிவிட்டு, 1986இல் மகளையும் கூட்டிக்கொண்டு இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிட்ட குகதாசன் தென் இலண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். சிவனேஸ்வரிக்குக் கிடைத்த வேலை சான்ட்விச் தொழிற்சாலையில். முக்கோணப் பெட்டிக்குள் முக்கோண சான்ட்விச்சை வைத்து மூட வேண்டும். இவ்வளவு நேராக வைக்கிற ஆளைத் தான் கண்டதேயில்லை என்று மேற்பார்வையாளர் ஒருநாள் பாராட்டினார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிவனேஸ்வரி அழுதார். எதற்கு அழுகிறார் என்று குகதாசனுக்கு விளங்கவில்லை. “நல்லதுதானே சொல்லியிருக்கிறான்?” என்று கேட்டு மேலும் கெடுத்தார்.

ஆனால் அந்தக் குகதாசன்தான் வழியைத் திறந்தவரும்.

1989ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, பெற்றோல் அடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காசுப்பையைத் தேடும்போது கக்கத்தில் இருந்த காகிதச் சுருள் கீழே விழுந்து விரிந்தது. மிஸ் பார்லோ என்று பெயர், மோர்டனில் வீடு, வயது அறுபதுக்குக் கிட்ட. எகிப்தின் பழைய கோயில்களை ஆராய்வதே அவருடைய தொழில். சுருளை எடுத்துக் கொடுக்கப் போன குகதாசன், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, அதைக் கவுண்டரில் விரித்து வைத்து ஆறுதலாகப் பார்த்தார். கல்லில் செதுக்கிய உருவங்களை யாரோ மாணவன் மையால் கீறியிருந்தான். கோடுகள் தடுமாறின.

“இதைவிட என்னுடைய மனைவி நன்றாகக் கீறுவாள்,” என்றார் குகதாசன், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் பார்லோ மிச்சத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

அவர் சொன்ன கதை இதுதான். நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. அந்தக் காலத்திலேயே அதன் சுவர்களைப் பிரித்து, கற்களை இன்னொரு கட்டடத்தின் அத்திவாரத்துக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அந்த அத்திவாரத்தைத் தோண்டியபோது நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் வெளியே வந்தன. வெயில் படாமல் கிடந்ததால் சில கற்களில் நிறம்கூட அழியவில்லை. கற்கள் எகிப்திலேயே ஒரு களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றின் பெரிய புகைப்படங்களை வைத்து, ஒவ்வொரு கல்லையும் மைக்கோட்டால் வரைய வேண்டும். வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். நிழல் விழுகிற பக்கத்துக் கோடு தடிப்பாக, மற்றப் பக்கத்துக் கோடு மெல்லியதாக வரவேண்டும். அவ்வளவுதான், தட்டையான தாளில் கல் எழும்பி நிற்கும்.

“இன்னொரு விதி,” என்றார் மிஸ் பார்லோ. “இருப்பதைக் கீறுங்கள். இல்லாததைக் கீறாதீர்கள். கல் உடைந்திருந்தால் அந்த உடைவைக் கீறுங்கள்.”

“ஓம், ஓம்,” என்று தமிழிலேயே தலையாட்டினார் சிவனேஸ்வரி. வத்சலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த ‘ஓம்’ எவ்வளவு பலவீனமானது என்று வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வேலை பிசகவில்லை. முதல் பத்துக் கற்களைப் பார்த்ததும் மிஸ் பார்லோ உதவிப் பணம் எங்கேயோ ஒழுங்கு செய்தார். சிவனேஸ்வரி சான்ட்விச்சுக்கு விடைகொடுத்தார். புத்தகம் வரும்போது முதல் பக்கத்தில் ‘வரைபடங்கள்: சிவனேஸ்வரி குகதாசன்’ என்று அச்சாகும் என்றும் சொல்லப்பட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சிவனேஸ்வரி, “பெயர் முழுசாப் போடுவினமோ, இல்லாட்டி முதலெழுத்து மட்டுமோ?” என்று பருப்புக் கறியைப் பார்த்துக் கேட்டார்.

நாற்பதாவது கல் வரை எல்லாம் விதிப்படி நடந்தது. நாற்பத்தோராவது கல்லின் புகைப்படம் 1991 தை மாதம் வந்தது.

அதில் இருந்தது ஆமுன் என்ற தெய்வம். தலையில் இரண்டு நெடிய இறகுகள், கையில் செங்கோல், அழகான தோள். முகம் மட்டும் இல்லை. சூரியனைத் தவிர வேறெதையும் கும்பிடக்கூடாது என்று ஒரு அரசன் நினைத்த காலத்தில், இந்தத் தெய்வத்தின் முகத்தை உளியால் கொத்தி எடுக்க ஆட்களை அனுப்பியிருந்தான். மற்றக் கோயில்களில் பின்னால் வந்த அரசர்கள் முகங்களைத் திரும்பச் செதுக்குவித்தார்கள். இந்தக் கோயிலில் யாரும் செதுக்கவில்லை. ஏன் செதுக்கவில்லை என்பதுதான் மிஸ் பார்லோவின் புத்தகமே.

இது சிவனேஸ்வரிக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழமை தைப்பூசம். அவர் விரதம். சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் சாமித் தட்டு. ஒரு பக்கம் குத்துவிளக்கும் முருகனும், மறுபக்கம் முகம் கொத்துப்பட்ட இன்னொரு சாமி. பின்னமான சாமியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று வளர்ந்தவர். படத்தைக் கவிழ்த்து வைத்தார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அங்கேயும் அது முகமில்லாமல்தான் இருக்கும் என்று பட்டது, திரும்ப எடுத்தார்.

பூசத்தன்று வத்சலா விரிவுரை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அப்பா வேலைக் களைப்பில் கதிரையில் சாய்ந்தபடி பக்கவாட்டில் நித்திரை. அம்மா மேசையில். படத்தின் மேல் விரித்த வரைதாளில் ஆமுனுக்கு முகம் வந்திருந்தது. கண், உதடு, நாடி எல்லாம் எகிப்திய இலட்சணப்படி சுத்தமாக இருந்தன. மூக்கு மட்டும் நடுவில் ஒரு சிறு மேடு தட்டி, நுனியில் கொஞ்சம் கீழே வளைந்திருந்தது. ஊரில், கொக்குவிலில், சைக்கிளால் விழுந்து உடைந்த மூக்கு அது.

“அம்மா! இது அப்பாவெல்லோ!”

“வாயைப் பொத்து. எழும்பப் போறார்.”

“இல்லாததைக் கீறக்கூடாது எண்டு அவ சொன்னவ.”

“பூசம் முடியட்டும் பிள்ளை. நாளையிண்டைக்குப் புதுத்தாளிலை திரும்பக் கீறுறன். இண்டைக்கு ஒரு நாளைக்காவது முகத்தோடை இருக்கட்டும்.”

வத்சலா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்போது புள்ளிவிபரவியல் இரண்டாம் வருடம். தரவு என்றால் என்ன, அதைத் தொடக்கூடாது என்பது ஏன் என்று நாற்பது பக்கம் எழுதிச் சமர்ப்பித்திருந்தாள். அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட அன்று மாலை அவள் வாயில் வரவில்லை.

மறுநாள் காலையே மிஸ் பார்லோ வந்து நின்றார். வளைகுடா யுத்தத்தால் அந்த வருடப் பயணம் ரத்து. வழக்கமாக மாரியில் வரைபடங்களை எகிப்துக்குக் கொண்டுபோய், கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். இந்த முறை அது முடியாது, எனவே முடிந்தவற்றை உடனே தாருங்கள் என்றார். தேநீர் கொடுத்து, வடை கொடுத்து, பன்னிரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தார் சிவனேஸ்வரி. நாற்பத்தொன்று கடைசித் தாளாக அடியில் இருந்தது. சொல்ல வாயெடுத்தார். “உங்களுடைய கண்ணை நான் என்னுடைய கண்ணைவிட நம்புகிறேன்,” என்றார் மிஸ் பார்லோ வடையைக் கடித்தபடி. எடுத்த வாய் மூடிக்கொண்டது.

பங்குனியில் கடிதம் வந்தது. நாலு பக்கம். வத்சலாதான் வாசித்துச் சொன்னாள். புகைப்படத்தில் அந்த இடம் நிழலாக இருப்பதால் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றும், சிவனேஸ்வரியின் கூர்மையான கண்தான் அதைக் கண்டுபிடித்தது என்றும் மிஸ் பார்லோ எழுதியிருந்தார். அதாவது, இந்தக் கோயிலிலும் ஒரு முகம் திருத்திச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதுவும் சாதாரணச் சிற்பியால் அல்ல. இப்படியொரு மூக்கு அந்தப் பகுதியில் எங்குமே இல்லை. தூரதேசத்திலிருந்து வந்த ஒருவன்தான் இதைச் செதுக்கியிருக்க வேண்டும். வைகாசியில் இதைப்பற்றி ஒரு சபையில் பேசப்போகிறார். குடும்பமாக வந்து முன்வரிசையில் இருக்க வேண்டும்.

சிவனேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டார்.

விஷயம் முழுவதையும் கேட்டறிந்த குகதாசன் கண்ணாடியைத் தேடிப் போனார். பக்கவாட்டில் நின்று ஒருதரம், மற்றப் பக்கம் திரும்பி ஒருதரம் பார்த்தார்.

“மூவாயிரத்து முந்நூறு வருசத்து மூக்கு. இவ்வளவு நாளும் இதைக் கிளிச்சொண்டு போலை எண்டு பழிச்சனீர்.”

“உங்களுக்குப் பகிடி. அந்த மனிசி நாலு பேருக்கு முன்னாலை நிண்டு கேவலப்படப் போகுது.”

“ஆருக்குத் தெரியப்போகுது? கல்லு அங்கை, நாங்கள் இஞ்சை. நீர் பேசாமல் இரும். சொன்னீரெண்டா வேலையும் போகும், உம்மடை பேரும் போகும். பிறகு முக்கோணப் பெட்டிதான்.”

அது உண்மை என்று மூவருக்கும் தெரியும். இரண்டு நாள் வீட்டில் சமையல் உப்பில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் சிவனேஸ்வரி மகளைக் கூப்பிட்டார். “ஒரு கடிதம் எழுதித் தா பிள்ளை. நடந்ததைச் சொல்லி.”

வத்சலா ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு அருமையான கடிதம் ஒன்று எழுதினாள். புகைப்படத்தின் ஒளிக்குறைவால் நிழற்பகுதியைப் பொருள்கொள்வதில் சில தெளிவின்மைகள் ஏற்பட்டிருக்கலாம் என்று அதில் இருந்தது. தமிழில் விளங்கப்படுத்தச் சொன்னார் அம்மா. விளங்கப்படுத்தினாள்.

“வடிவாத்தான் எழுதியிருக்கிறாய்,” என்றார் சிவனேஸ்வரி. “ஆனா இதிலை நான் செய்தது எங்கை கிடக்கு?”

வத்சலா கடிதத்தை மடித்தாள். பல்கலைக்கழகம் அவளுக்கு எத்தனையோ சொற்களைக் கொடுத்திருந்தது. அவற்றை எடுத்து அம்மாவை மறைக்கத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. சிரித்ததும் அவள்தான், சொல்லாமல் விட்டதும் அவள்தான். அந்த இரண்டும்கூடக் கடிதத்தில் இல்லை.

“கடிதம் வேண்டாம்,” என்றார் அம்மா. “நேரை போவம். இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோ.”

“நான் என்னத்துக்கு?”

“நீங்கள்தானே அத்தாட்சி.”

கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார் குகதாசன். மிஸ் பார்லோவின் வீட்டில் கதிரைகளிலெல்லாம் புத்தகங்கள் இருந்தன, மனிதருக்கு இடமில்லை. நின்றபடியே சிவனேஸ்வரி நாற்பத்தோராம் படத்தைக் கேட்டு வாங்கினார். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, இடையில் சொல் அகப்படாமல், கணவரின் தோளைப் பிடித்து யன்னலடிக்கு இழுத்தார்.

“அப்பிடி நில்லுங்கோ. சைட்டாலை. நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ. சிரிக்காதேங்கோ, சாமி சிரிக்கேல்லை.”

வெளிச்சம் இடது பக்கம் மேலாக விழுந்தது. சிவனேஸ்வரி படத்தைக் குகதாசனின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

மிஸ் பார்லோ படத்தைப் பார்த்தார். குகதாசனைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். கிட்டப் போய், விரலை நீட்டி, தொடாமல், காற்றில் அந்த மேட்டை ஒருதரம் வரைந்து பார்த்தார்.

“கல்லில் ஏதாவது கண்டீர்களா, மிஸிஸ் குகதாசன்?”

“ஒன்றுமில்லை. வெட்டு மட்டும்தான் இருந்தது.”

“பிறகு ஏன்?”

சிவனேஸ்வரி மகளைப் பார்த்தார். இந்த முறை வத்சலா ஒளித்து வைக்காமல் சொன்னாள். அன்று தைப்பூசம் என்று சொன்னாள். முகமில்லாத சாமியை வீட்டில் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை என்றாள். தான் அதைக் கண்டதும், சிரித்ததும், பேசாமல் இருந்ததும் சொன்னாள்.

மிஸ் பார்லோ ஒரு கதிரையிலிருந்த புத்தகங்களை நிலத்தில் தள்ளிவிட்டு இருந்தார். “பதினொரு பேருக்குச் சொல்லிவிட்டேன்,” என்றார். “அதில் ஒருவர் அந்தச் சிற்பி சிரியாவிலிருந்து வந்தவன் என்று அடித்துச் சொல்கிறார்.”

“கொக்குவில்,” என்று யன்னலடியில் அசையாமல் நின்றபடியே திருத்தினார் குகதாசன்.

மிஸ் பார்லோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்தபின் முகம் இறுகித்தான் இருந்தது. உரையில் நாலு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். பிறகு சொன்னார்: வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் நான் கேட்காமலேயே நீங்களாக வந்து சொன்னீர்கள். ஆனால் நாற்பத்தோராவது கல்லைத் திரும்பக் கீற வேண்டும். முகம் இல்லாமல் விட்டால் போதாது. ஒவ்வொரு உளி வெட்டும் எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கீற வேண்டும். அந்த வெட்டுகள்தான் என் சாட்சி. அந்தப் படம் என் கைக்கு வரும்வரை முதல் பக்கத்தில் பெயர் போடுவது நியாயமில்லை.

“ரெண்டு கிழமையிலை தாறன்,” என்றார் சிவனேஸ்வரி.

அடுத்த மாரியில் மிஸ் பார்லோ எகிப்துக்குப் போய், பழைய புகைப்படத்தில் நிழலில் மறைந்த வெட்டுகளும் தெரியும்படி சரிவான வெளிச்சம் வைத்துப் புதுப் படம் எடுத்து வந்தார். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று வெட்டு. சிவனேஸ்வரி மற்றக் கற்களையெல்லாம் கீறினார். கால் போன காவலாளி, பாதியில் முறிந்த படகு, கொம்பில்லாத மாடு, ஒன்றிலும் ஒரு மயிரிழைகூடக் கூட்டவில்லை. உடைவை உடைவாகவே விட்டார். அதற்கு அவர் என்ன பாடுபட்டார் என்பது, அந்த நாட்களில் வீட்டுப் பத்திரிகைகளில் இருந்த மந்திரிமாரின் தலைகளுக்குத் தெரியும். நாற்பத்தொன்று மட்டும் மேசையின் ஓரத்தில் கிடந்தது. இறகு முடிந்தது, தோள் முடிந்தது, செங்கோல் முடிந்தது. வெட்டு தொடங்கவில்லை.

“வரைபடத்தில் வெறும் கோடுதானே அம்மா,” என்றாள் வத்சலா. அப்போது அவள் பட்டம் வாங்கிவிட்டாள், அதனால் எல்லாவற்றையும் ‘தானே’ போட்டுப் பேசும் காலம்.

“உனக்குக் கோடு,” என்றார் அம்மா. “அவன் உளியாலை முகத்திலை அறுபத்து மூண்டு தரம் கொத்தினான். நான் குந்தியிருந்து பேனையாலை அதே இடத்திலை அறுபத்து மூண்டு தரம் கொத்த வேணும். முகம் வைக்காதையெண்டா வைக்காமல் விடலாம். கொத்து எண்டா?”

வத்சலாவிடம் பதில் இருந்தது, ஒரு கட்டுரையளவு இருந்தது. மேசையில் கிடந்த படத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

மிஸ் பார்லோ நாலு வருடம் காத்திருந்தார். 1995இல் புத்தகம் வந்தது. நாற்பத்தோராம் கல்லுக்குப் புகைப்படம் மட்டும் போட்டிருந்தார். பெயர் விஷயத்தில் தன் சொல்லையும் காப்பாற்றி, சிவனேஸ்வரியையும் கைவிடாமல், தனக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். முதல் பக்கத்தில் முழுப் பெயர் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘கல் 41 தவிர. அது வரவேண்டியுள்ளது.’

“அச்சிலை கடன்காரியாக்கிப் போட்டா,” என்றார் சிவனேஸ்வரி. புத்தகத்தை எடுத்துப் போய்ச் சாமித் தட்டின் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெயரைக் காட்டினார், கீழ்வரியைப் பெருவிரலால் மறைத்தபடி. குகதாசன் கையை விலக்கி அதையும் வாசித்துக் காட்டுவார்.

1998இல் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது இருவரும் நாற்பத்தோராம் கல்லின் தாளையும் கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். மிச்சத்து வீட்டில் வத்சலா மட்டும். அந்த வருடம் ஐப்பசியில் மிஸ் பார்லோ தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகிறது, ஒரு பக்கம் வெறுமையாக வைத்திருக்கிறேன், அவசரமில்லை, ஆனால் எனக்கு எழுபதாகப் போகிறது என்றார்.

வத்சலா ரொறன்ரோவுக்கு அடித்தாள்.

“வாற கிழமை அனுப்புறன் எண்டு சொல்லு,” என்றார் அம்மா.

“ஏழு வருசமா வாற கிழமைதான். உண்மையாச் சொல்லுங்கோ அம்மா, அறுபத்து மூண்டிலை எத்தினை கீறியிருக்கிறியள்?”

அந்தப் பக்கத்தில் குழந்தை எதற்கோ சிணுங்கியது. அப்பாவின் குரல், “சொல்லுமன், சொல்லும்,” என்று தூண்டியது.

“ரெண்டு,” என்றார் சிவனேஸ்வரி. “ரெண்டும் காதுக்குப் பின்னாலை. முகத்துக்கு இன்னும் வரேல்லை.”